மன்னார்குடியில் வாங்கிய கீபோர்டு

ரேஷன் கடை மெஷினில் என் கைரேகை ஒருநாளும் முதல் தடவையிலேயே பதிந்தது கிடையாது. வலது கட்டைவிரலை வைப்பேன். சிவப்பு விளக்கு எரியும். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பேன். அப்புறம் இடது கை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் விரலையே பார்ப்பார்கள். எனக்கு மட்டுமில்லை, எங்கள் தெருவில் நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களில் பாதிப்பேருக்கு இதே கதைதான். இருபது வயதிலிருந்து சேற்றுக்குள் விரலை ஊன்றி நாற்று நட்டவளுக்கு நுனியில் ரேகை எவ்வளவு மிச்சமிருக்கும்?

அந்த விரல்களோடுதான் நான் எங்கள் ஊர்ப் பாசன சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கடைமடை என்பார்கள். மேலே இருக்கிற ஊர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு. எங்கள் ஊருக்குள்ளேயும் ஒரு கடைமடை உண்டு. அது எங்கள் தெருக்காரர்களின் வயல்கள். என் அப்பாவும் அம்மாவும் பெரிய தெருக்காரர்களின் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நானும் என் கணவரும் கொஞ்சம் நிலம் சொந்தமாக வாங்கி, கொஞ்சம் குத்தகைக்கும் பிடித்து நாங்களே சாகுபடி செய்கிறோம். எங்கள் தெருவில் இப்போது அப்படிப் பதினேழு குடும்பங்கள் இருக்கின்றன.

சங்கத்துக்குப் புதுச் செயலாளர் வேண்டும் என்று கூட்டம் போட்ட அன்று யாரும் முன்வரவில்லை. செயலாளர் என்றால் எழுத வேண்டும், அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். யாரோ என் பக்கம் கையைக் காட்டி, "அது பன்னெண்டாவது படிச்சிருக்கு, டைப்பிங் வேற முடிச்சிருக்கு" என்றார்கள். தலைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பெரிய தெருக்காரர், எழுபது வயது தாண்டியவர். என் அப்பா அவர் வீட்டு வயலில்தான் வேலை பார்த்தார்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணு. இருந்துட்டுப் போகட்டுமே" என்றார்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் மகள் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஆனாலும் நான் அவருக்குப் பொண்ணுதான். "வா", "போ", "இத எழுது" என்றுதான் பேசுவார். அதில் வெறுப்பு எதுவும் கிடையாது, வெறும் பழக்கம். அதனாலேயே எதிர்த்து ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்தது.

டைப்பிங் முடித்தவள் என்று சொன்னார்களே, அது உண்மைதான். பன்னிரண்டாவது முடித்த பிறகு ஒரு வருடம் தினமும் பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போய்த் தமிழ் தட்டச்சு படித்தேன். இடது கையின் நான்கு விரல்களில் ய, ள, ன, க. வலது கையில் த, ம, ட. அதை அடித்து அடித்து முதல் மாதத்தில் சுண்டுவிரல் வீங்கிப்போனது. கையைப் பார்க்காமல் அடிக்க வேண்டும் என்பதற்காக அங்கே விசைகளையும் விரல்களையும் மறைத்து மேலே ஒரு தகரம் வைத்திருப்பார்கள். லோயர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினேன். வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு வக்கீல் அலுவலகத்தில் கேட்கப் போனபோது, கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனிமேல் டைப்ரைட்டருக்கு ஆள் எடுப்பதில்லை என்றார்கள். அடுத்த தை மாதம் கல்யாணம். அதற்கப்புறம் நாற்றுக் கட்டும் களைக்கொத்தும்தான் கையில் இருந்தன.

ஆனால் விரல்கள் மறக்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் மடியில் வைத்த கைகள் தானாக அசையும். வெளியே தெரிகிற கடைப் பெயர்ப் பலகைகளை முழங்காலில் அடித்துக்கொண்டே வருவேன். உரக்கடை, அரிசி ஆலை, எலும்பு முறிவு வைத்தியசாலை. என் கணவர் ஒருதரம் பார்த்துவிட்டு, "என்ன, விரல் நடுங்குதா?" என்று பயந்துபோய்க் கேட்டார். "இல்லை, அடிச்சுப் பாக்கறேன்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அப்புறம் கேட்கவில்லை.

மேட்டூர் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் சங்கத்திலிருந்து ஒரு மனு போகும். எந்த வாய்க்காலைத் தூர்வார வேண்டும், எந்த மதகில் ஷட்டர் பழுது என்று அதில் இருக்கும். தலைவர் தாலுகா அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் வாயால் சொல்வார். அவர் எழுதித் தருவார். நான் கீழே கையெழுத்துப் போடுவேன். முதல் வருடம் படிக்காமலே போட்டுவிட்டேன். இரண்டாவது வருடம் படித்தேன். பெரிய தெருவுக்குப் போகிற வாய்க்கால்கள் மூன்றுக்கும் பெயர் இருந்தது, நீளம் இருந்தது, எந்த இடத்தில் மேடிட்டிருக்கிறது என்பதுகூட இருந்தது. எங்கள் தெரு வயலுக்குப் போகிற இரண்டும் கடைசி வரியில் இருந்தன: 'மற்றும் இதர கிளை வாய்க்கால்கள்'.

"நம்ம வாய்க்கால் பேரு இல்லையேங்க ஐயா?" என்று கேட்டேன்.

"எல்லாம் அதுலயே அடங்கிடும்மா. கையெழுத்தப் போடு, ஆபீஸ் மூடிடப் போறான்."

போட்டுவிட்டேன். அந்த வருடம் பொக்லைன் மெஷின் வந்து பெரிய தெரு வாய்க்கால்களை அள்ளிவிட்டுத் திரும்பிப் போனது. எங்கள் பக்கம் வரவில்லை. கேட்டதற்கு, "மனுவில் பெயர் இல்லையே" என்றார் மெஷினோடு வந்த ஒப்பந்தக்காரர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனுவுக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து.

அடுத்த மனுவை நானே எழுதுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். கையால் எழுதிக் கொடுத்தால் தலைவர் அதை மனு எழுதுபவரிடம் கொடுத்துத் திருத்தி எழுதச் சொல்லிவிடுவார் என்று தெரியும். அச்சடித்த மாதிரி, திருத்த ஒன்றுமில்லாதபடி இருக்க வேண்டும்.

வீட்டில் மகள் விட்டுவிட்டுப் போன டேப்லட் இருந்தது. கல்லூரி ஆன்லைனில் நடந்த காலத்தில் அவளுக்காக வாங்கியது. அடுத்த பங்குனியில் அதை எடுத்து உட்கார்ந்தேன். கண்ணாடித் திரையில் 'ம'வைத் தொட்டால் பேசாமல் இருந்தது. அழுத்திக் குத்தினால் பக்கத்து எழுத்து இரண்டு தடவை விழுந்தது. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி வைத்தால் மட்டும் வேலை செய்தது. திரையின் கீழ்ப்பாதியைக் கீபோர்டே அடைத்துக்கொண்டதால் மேலே மூன்று வரிதான் தெரிந்தது. ஒரு பாராவை முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது.

மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, மைக் படம் இருக்கும் பாரு, அதத் தொட்டுட்டுப் பேசு. அதுவே எழுதிக்கும்" என்றாள். பேசினேன். 'வாய்க்காலைத் தூர்வார வேண்டும்' என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னால் 'வாய்க்காலை தூரம் வர வேண்டும்' என்று எழுதியது. திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை 'தூர' மட்டும் வந்தது. அதற்குள் கொல்லையிலிருந்து என் கணவர், "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்க, அதையும் பிழையில்லாமல் மனுவில் சேர்த்துக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் மனு ஆகவில்லை.

அன்று மகள் மறுபடி கூப்பிட்டாள். "உனக்குத்தான் டைப்பிங் தெரியுமேம்மா. டேப்லட்டுக்குத் தனியா கீபோர்டு விக்குது. ஆன்லைன்ல ஒண்ணு போட்டு விடவா?"

அப்படி ஒன்று இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் என் விரல்களுக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீ போட வேணாம். நான் அடிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன்" என்றேன்.

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. அதை நடத்துபவர் துபாயில் பல வருடம் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். டேப்லட்டை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன்.

"வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?"

"டேப்லட்டோட சேத்து அடிக்கிற மாதிரி கீபோர்டு வேணும் பாய்."

"படிக்கிற புள்ளைக்கா?"

"எனக்குத்தான்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் மூன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

முதலாவது இரண்டாக மடிகிற வகை. மடித்தால் பர்ஸ் அளவுதான். விரித்து விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாக நடுவில், இடது ஆள்காட்டி விரல் 'ப'வுக்கு நகர்கிற இடத்தில் மடிப்பு வந்தது. விரல் அந்தச் சந்தில் போய் விழுந்தது. விசைகளும் சிறிசு. "இது வேணாம் பாய்."

இரண்டாவது டேப்லட்டுக்கு உறை மாதிரி மூடிக்கொள்வது. காந்தத்தில் சட்டென்று ஒட்டியது, பார்க்க அழகாக இருந்தது. அடித்துப் பார்த்தால் விசை உள்ளே இறங்கவே இல்லை, அட்டையில் தட்டுகிற மாதிரி. எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை; கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்தேன். டேப்லட் பின்பக்கமாகச் சாய்ந்தது. அவர் பாய்ந்து பிடித்தார்.

"மேஜையில வச்சு அடிச்சா நிக்கும்மா."

"நான் வாய்க்கா கரையில உக்காந்து அடிக்கணும் பாய்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு மூன்றாவதை நகர்த்தினார். சாம்பல் நிறம், மற்ற இரண்டையும்விடத் தடிமன், கொஞ்சம் கனம். பெட்டியின்மேல் தூசி படிந்திருந்தது. மேல்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம். டேப்லட்டை அதில் நிறுத்தினால் மடியில் வைத்தும் அசையவில்லை. விசைகள் நன்றாக இறங்கி எழுந்தன. க விழுகிற விசையிலும் த விழுகிற விசையிலும் சின்னதாக ஒரு மேடு இருந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களும் போய் அதில் உட்கார்ந்தன. டேப்லட்டோடு அவர் அதை இணைத்துக் கொடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஊர்ப் பெயரை அடித்தேன்.

"என்னம்மா, என்னென்னமோ இங்கிலீஷ் எழுத்தா விழுது?"

"அது தமிழ்தான் பாய். உங்க மெஷினுக்குத்தான் இன்னும் தெரியல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் கைகளைப் பார்த்தார். "கீழ பாக்காமலே அடிக்கிறீங்க. துபாய்ல எங்க ஆபீஸ்லகூட ரெண்டு பேரால மட்டும்தான் அப்படி முடியும்" என்றார். விசைகளில் ஆங்கிலம் மட்டும் இருக்கிறதே என்று தமிழ் ஸ்டிக்கர் ஒட்டித்தர ஒரு தாளை எடுத்தார். அதில் இடது பக்கம் முழுக்க அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்துகள். இப்போது பிள்ளைகள் படிக்கிற புது முறை அதுதான் என்றார். நல்ல முறையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் என் விரல் படித்தது வேறு.

"ஒண்ணும் ஒட்ட வேணாம் பாய். எனக்கு எழுத்து விரல்ல இருக்கு."

தமிழைக் கொண்டுவருவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. திரையில் தெரிகிற கீபோர்டுக்குத் தமிழ் வைத்தால் போதாது, வெளியிலிருந்து இணைக்கிற கீபோர்டுக்கு அமைப்புகளில் வேறொரு இடம் இருக்கிறது என்று அவர் தேடிக் கண்டுபிடித்தார். தமிழ் வந்தது. ஆனால் 'தெற்கு' என்று அடித்தால் உடைந்தது. பழைய தட்டச்சில் கையால் எழுதுகிற மாதிரியே முதலில் கொம்பு, பிறகு த. டேப்லட்டோ முதலில் த வேண்டும், அப்புறம்தான் கொம்பு என்று நின்றது. நான் அடித்த கொம்பு யாரோடும் சேராமல் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகத் தொங்கியது.

"நீங்க மாத்தி அடிக்கப் பழகிக்கறீங்களாம்மா?"

"மாட்டேன் பாய். அதையே மாறச் சொல்லுங்க."

என் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில் எனக்கே ஆச்சரியம். அவர் டீ சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று செயலிகளைப் போட்டுப் பார்த்தார். மூன்றாவதில் 'பழைய தட்டச்சு' என்றே ஒரு தேர்வு இருந்தது. அடித்தேன். கொம்பு காத்திருந்தது, த வந்ததும் போய் ஒட்டிக்கொண்டது. 'தெற்குக் கரை' என்று திரையில் முழுசாக நின்றது. கடைக்காரர் கைதட்டினார். நான் வெட்கத்தில் டீயை எடுத்துக் குடித்தேன், அது ஆறிப்போயிருந்தது.

அதற்கடுத்த மூன்று வாரமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அடித்தேன். முதல் நாள் சுண்டுவிரல் இரண்டும் வலித்தன. நாலாவது நாள் வேகம் வந்தது. கண்ணாடிக்குத் தெரியாத என் விரல் இந்த விசைகளுக்குத் தெரிந்தது. தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். அழுத்துவதுதான் என் விரலுக்கு வருமே. நாளிதழை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் அப்படியே அடித்துவிட்டு எத்தனை பிழை என்று எண்ணுவேன். என் கணவர் எதிரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே, "மழ பெய்யற மாதிரி இருக்கு சத்தம்" என்பார். ஒருநாள் தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்து, "பாக்காம அடிக்கும் பாருங்க" என்று என்னைக் காட்டினார். கோபித்துக்கொண்டேன். உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது.

சித்திரை முடிகிற சமயம் உதவிப் பொறியாளர் வாய்க்கால் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. முப்பது வயது இருக்கும், பெண். அந்த வருடம்தான் எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்திருந்தார். காலை எட்டரைக்குத் தலைமதகிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். தலைவர், பெரிய தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர், எங்கள் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

முதல் மதகில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஷட்டர் திருகு தேய்ந்துவிட்டது, கரை உடைந்த இடத்தில் போன வருடம் மணல் மூட்டைதான் போட்டது, காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறது. பொறியாளர் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் விட்டுப்போனது. நான் மதகுக் கட்டையில் உட்கார்ந்து கீபோர்டை மடியில் வைத்து, டேப்லட்டைப் பள்ளத்தில் நிறுத்தினேன்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்" என்றேன்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ஆர்மோனியப் பெட்டி மாதிரி?" சிலர் சிரித்தார்கள். நான் அடிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது மதகைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. வரிசையாகத் தென்னை இருந்த கரை முடிந்து, அறுத்துப் போட்ட வயல்களுக்கு நடுவில் மொட்டைக் கரை. மதகில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் என் முகமும் வானமும்தான் தெரிந்தன. ஒரு எழுத்தும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், திருப்பி வைத்தேன், முந்தானையால் மறைத்தேன். பலனில்லை.

"வெயில்ல அது ஆகாதும்மா. எடுத்து உள்ள வையி. மொத்தமா ஒரு வரி எழுதிக்கலாம், இந்தப் பக்கம் வாய்க்கால் எல்லாம் பழுதுன்னு" என்றார் தலைவர்.

அது எங்கள் தெரு வாய்க்கால் ஆரம்பிக்கிற இடம்.

"வேணாங்க ஐயா. எனக்குத் திரை தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு விரலை க மேலும் த மேலும் வைத்தேன். எங்கள் தெருக்காரர்களைப் பார்த்துச் சொன்னேன், "நிறுத்தாம சொல்லுங்க."

சொன்னார்கள். இத்தனை வருடம் யாரும் கேட்காததால் எல்லோரிடமும் சொல்வதற்கு ஒன்று இருந்தது. கல்பாலத்துக்குக் கீழே குழாய் அடைத்து மூன்று வருடம் ஆகிறது என்று ஒருவர். தெற்கு வளைவில் இருநூறு அடிக்கு வாய்க்காலே வரப்பு உயரத்துக்கு மேடிட்டுவிட்டது என்று இன்னொருவர். என்னோடு நடவுக்கு வருகிற ஒரு அக்கா, தண்ணீர் எட்டாமல் குடத்தில் சுமந்து நாற்றங்காலுக்கு ஊற்றினோமே, அதையும் போடு என்றாள். போட்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். விரலுக்கடியில் ஒவ்வொரு எழுத்தும் இறங்கி எழுவது தெரிந்தது. நடுவில் ஒருதரம் தலைநிமிர்ந்தபோது பொறியாளர் தன் நோட்டை மூடி வைத்துவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு மோட்டார் கொட்டகை உண்டு. அதன் நிழலில் எல்லோரும் ஒதுங்கினோம். அங்கேதான் திரை மறுபடி தெரிந்தது. ஒரு விரல் ஒரு கட்டம் நகர்ந்து உட்கார்ந்திருந்தால்கூட அத்தனையும் குப்பை. முதல் வரியைப் படித்தேன். சரியாக இருந்தது. அடுத்த வரியும். இரண்டு பக்கம். மூன்றே மூன்று பிழைகள். ஓர் இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது, இரண்டு இடத்தில் 'ல'வுக்கு 'ள'.

சத்தமாகப் படிக்கச் சொன்னார் பொறியாளர். படித்தேன். ஐந்து வாய்க்கால்களும் பெயரோடு இருந்தன. எங்கள் தெரு வாய்க்கால்கள் இரண்டையும் படிப்பதற்கு முன்பே மேலே நகர்த்தி முதலில் வைத்திருந்தேன்.

தலைவர் குறுக்கிட்டார். "தலைமதகுலேர்ந்துதானே வரிசையா எழுதணும்? வால்லேர்ந்து எழுதியிருக்க?"

"தண்ணி எங்க வராம நிக்குதோ அங்கேர்ந்து எழுதியிருக்கேங்க ஐயா."

அவர் பதில் சொல்வதற்குள் பொறியாளர், "எனக்கு இப்படித்தாங்க வேணும். எஸ்டிமேட் போடறப்ப இதுதான் முதல்ல கேப்பாங்க. இத இப்பவே எனக்கு அனுப்ப முடியுமா?" என்றார்.

அந்த மூன்று பிழையையும் திருத்திவிட்டு, கீழே தலைவர் பெயரையும் என் பெயரையும் அடித்து, பொறியாளர் சொன்ன எண்ணுக்கு அங்கேயே நின்றபடி அனுப்பினேன். அவர் கையிலிருந்த போன் 'டிங்' என்றது. எங்கள் தெருக்காரர் ஒருவர், "போயிடுச்சா? அவ்வளவுதானா?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன்.

திரும்பி நடக்கும்போது தலைவர் எனக்கு முன்னால் போனார். பெரிய தெரு திருப்பத்தில் நின்றார்.

"அடுத்த கூட்டத்துக்கும் இதக் கொண்டாந்துடுங்க."

எனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. அவர் என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். "சரிங்க ஐயா" என்றேன். வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ங்க போட்டாரா? காதுல சரியா விழுந்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டகையில் நின்றுவிட்டு வந்தார். என் அப்பா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை.

கேட்டது எல்லாம் நடந்துவிடவில்லை. கல்பாலத்தை இடித்துக் கட்ட அந்த வருடம் அனுமதி வரவில்லை. ஆனால் இரண்டு மதகுகளுக்குப் புது ஷட்டர் போட்டார்கள். வைகாசியில் பொக்லைன் வந்து பெரிய தெருவோடு திரும்பாமல் மோட்டார் கொட்டகை வரைக்கும் அள்ளியது. ஓட்டுநர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். 'தெற்கு வளைவில் இருநூறு அடி' என்று நான் அடித்த வார்த்தைகளே அதில் இருந்தன.

மேட்டூர் திறந்து பதினோராம் நாள் காலையில் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குள் வந்தது. குப்பையும் சருகும் நுரையுமாக முதல் தண்ணீர், நடந்து போகிற வேகத்தில் வரும். எங்கள் தெருவே கரையில் நின்றது. அந்த வருடம் நாற்றங்காலுக்கு யாரும் குடம் தூக்கவில்லை. நடவுக்கு நானும் போனேன். வயலில் இறங்கி நின்றபோது அந்த அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "செயலாளருக்கு எடம் விடுங்கடி" என்றாள். பெண்கள் சிரித்து ஒதுங்கினார்கள். நானும் சிரித்துக்கொண்டே குனிந்தேன்.

கல்பாலம் பாக்கி இருந்தது. அதற்குத் தனியாக ஒரு மனு அடித்து, மன்னார்குடியில் அச்செடுத்துக்கொண்டு, குறைதீர் கூட்டத்தன்று திருவாரூர் கலெக்டர் அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். தலைவருக்கு முழங்கால் வலி. "நீங்களே போய்க் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டார். மனு வாங்குகிற மேஜையில் இருந்தவர் மற்றவர்களின் மனுக்களை மேலோட்டமாகப் பார்த்து வைத்துக்கொண்டே வந்தார். என்னுடையதை மட்டும் நிறுத்தி முதல் பக்கம் முழுக்கப் படித்தார்.

"தெளிவா இருக்கும்மா. எந்தக் கடையில அடிச்சீங்க?"

"நாந்தாங்க அடிச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆபீஸ் வேலையில இருந்தீங்களா?"

"இல்லைங்க. விவசாயம்."

அவர் முத்திரை குத்தி ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார். 'மனுதாரர்' என்று இருந்த இடத்தில் என் பெயரை அவரே எழுதியிருந்தார், இனிஷியலோடு சரியாக. வெளியே வந்தேன். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஊருக்குப் போகிற பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அதை விட்டுவிட்டு, எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயும் ஒரு வடையும் சொன்னேன். அவசரமில்லாமல், ஒப்புகைச் சீட்டை இன்னொரு தடவை படித்துக்கொண்டே சாப்பிட்டேன்.